பழைய மரச்சாமானை வீட்டிலேயே புதுப்பிக்க: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் தெருவில் யார் பழைய நாற்காலியோ பீரோவோ வாங்கி வந்தாலும் கொஞ்ச நாளில் ஒரு சந்தேகத்தோடு என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். சொந்தக்காரர்கள் போனில் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் பேச்சை மாற்றவில்லை. முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. பழசை வாங்கி இவ்வளவு மெனக்கெடுறதுக்குப் புதுசே வாங்கிரலாமே அக்கா? கணக்குப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதான?

எதை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் கட்டிலும் அலமாரியும் பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகைதான். மேலே மரம்போலத் தெரிவது ஒட்டிய தாள். ஒரு தடவை தண்ணீர் இறங்கி ஊதிவிட்டால் அதைச் சரிசெய்ய வழியில்லை. கட்டை மரத்தில் செய்த பழைய நாற்காலி அப்படியில்லை. கழற்றலாம், பசை மாற்றிப் பூட்டலாம், இன்னும் இருபது வருஷம் கழித்து வேறொருவர் மறுபடியும் பாலிஷ் போடலாம்.

ஆனால் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். ஒரு நாற்காலிக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் போய்விடும். பீரோ என்றால் வாரக்கணக்கில் இழுக்கும். முதல் தடவை செய்கிறவர்கள் ஸ்டூல், மணை, சின்ன மேசை என்று தொடங்குவது நல்லது. நான்கு கதவு பீரோவை முதலில் எடுத்தவர்கள் பாதியில் விட்டுவிட்டு, வீட்டு நடுவில் அதைச் சுற்றி நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

2. தேக்கு, தேக்குன்னு சொல்லி விக்கிறாங்க. தேக்குதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பாலிஷ் போட்ட முகப்பைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ரப்பர் மரத்துக்கும் வேம்புக்கும் தேக்கு நிறம் ஏற்றிவிடுவார்கள். கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் பாருங்கள், டிராயரை உருவிப் பின்பக்கம் பாருங்கள். அங்கே பாலிஷ் இருக்காது. தேக்கு பொன்னும் பழுப்பும் கலந்த நிறம், தொட்டால் லேசாக எண்ணெய்ப் பசை தெரியும். உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்து முகர்ந்தால் பதப்படுத்திய தோல் மாதிரி ஒரு வாசனை வரும். அந்த வாசனை ஒரு தடவை மூக்கில் ஏறிவிட்டால் மறக்காது.

ஈட்டி மரம் என்கிற ரோஸ்வுட் தேக்கைவிட நன்றாகவே கனக்கும், ஊதாவும் கறுப்புமாக ரேகை ஓடும். தேக்கு இல்லையென்றால் வேண்டாம் என்று ஒதுக்கவும் தேவையில்லை. நம் பக்கத்து வேம்பு, வாகை, பூவரசு எல்லாம் நல்ல மரங்கள். வைரம் பாய்ந்த, அதாவது நடுக்கட்டை முற்றி இறுகிய, வேப்பமரத்தில் பூச்சி லேசில் இறங்காது. தேக்கு விலை கொடுத்து வேம்பு வாங்காமல் இருந்தால் போதும்.

ஓரத்தில் மட்டும் ஒரு கோடு தெரிந்து, மேல் ரேகை பக்கவாட்டில் தொடராமல் நின்றால் அது வெனீர் என்கிற மெல்லிய மரத்தாள் ஒட்டிய பிளைவுட். இதை இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள், 7-ஆம் கேள்வியில் தேவைப்படும்.

3. காரைக்குடிக்குப் போய் வாங்குனாத்தான் நல்ல சாமான் கிடைக்குமாமே?

முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதனால் அங்கே மரம் நன்றாக இருக்கும். ஒரு நாள் போய்ப் பார்த்து வந்தாலே கண் பழகிவிடும். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் வரை வந்து வாங்கும் தெரு அது, விலையும் அதற்கேற்றபடிதான் இருக்கும்.

உட்கார ஒரு பெஞ்சும் எழுத ஒரு மேசையும்தான் தேவை என்றால் மதுரையிலேயே போதும். மாசி வீதிகளைச் சுற்றி, சிம்மக்கல், தெற்குவாசல் பக்கம் பழைய வீடுகளை இடிக்கும்போது சாமான்கள் வெளியே வரும். மாற்றலாகிப் போகிறவர்கள் லாரி வாடகைக்குப் பயந்து நல்ல மேசையை விட்டுப் போவார்கள். போகிக்கு முன்னால் உள்ள ஒரு வாரம் உறவினர் வீடுகளில் கேட்டுப் பாருங்கள்.

4. பழைய கட்டில் வாங்குனா மூட்டைப்பூச்சியும் கூடவே வந்துருமே?

இந்தப் பயம் நியாயமானது. வாங்கும் முன்பே சட்டம் சேரும் மூலைகள், திருகுத் துளைகள், பலகை உட்காரும் பள்ளம் ஆகியவற்றில் டார்ச் அடித்துப் பாருங்கள். பேனா முனையால் வைத்தது போல் சின்னக் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக இருந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். நிறைய இருந்தால் எவ்வளவு நல்ல மரமானாலும் வாங்காதீர்கள். சாப்பாடு இல்லாமலே அந்தப் பூச்சி மாதக்கணக்கில் கிடக்கும். மொட்டை மாடியில் பத்து நாள் போட்டு வைத்தால் செத்துவிடும் என்பது நடக்காது.

சந்தேகம் மட்டும்தான் என்றால் கட்டிலை வீட்டுக்குள் கொண்டு போகாமல் வெளியிலேயே முழுதாகக் கழற்றுங்கள். மூட்டைப்பூச்சியும் முட்டையும் 50 டிகிரி சூட்டில் சாகும். ஆனால் கத்திரி வெயிலில்கூட மரத்தின் உள் பொருத்துக்கு அந்தச் சூடு போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. இடுக்குகளைப் பிரஷ்ஷால் சுரண்டி, முடி உலர்த்தும் டிரையரால் ஒவ்வொரு பொருத்திலும் மெதுவாகச் சூடு காட்டுங்கள். கொதிக்கும் வெந்நீரை ஊற்றும் பழக்கம் இரும்புக் கட்டிலுக்குச் சரி. மரத்தில் அது பாலிஷை வெளுக்க வைக்கும், பழைய பசையையும் இளக்கிவிடும்.

5. இறந்து போனவங்க படுத்த கட்டிலாம். வாங்கலாமா மதினி? எங்க அத்தை வேண்டாங்குறாங்க.

பழைய கட்டிலில் யாரோ பிறந்திருப்பார்கள், யாரோ இறந்திருப்பார்கள். என்னைக் கேட்டால் வாங்கலாம். ஆனால் தினமும் அதில் படுக்கப்போவது நீங்களும் உங்கள் வீட்டாரும். அத்தைக்கு மனசு ஒப்பவில்லை என்றால் அந்தக் கட்டிலில் அவர் நிம்மதியாகத் தூங்கப்போவதில்லை. கட்டிலை விடுங்கள், அதே வீட்டில் மேசையோ பெட்டியோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

6. கொண்டாந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுர வேண்டியதுதான?

வேண்டாம். முதலில் துடையுங்கள். பழைய சாமானில் நாம் கறுப்பு என்று நினைப்பது பாதிக்கு மேல் கைப்பிசுக்கும் அடுப்படிப் புகையும்தான். மிதமான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அதற்கும் போகாத எண்ணெய்ப் பிசுக்குக்கு டர்பன்டைன். சலவை சோடா, காஸ்டிக் சோடா பக்கமே போகாதீர்கள், தேக்கு கறுத்துவிடும்.

துடைத்தபின் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பல நேரம் வேலை அங்கேயே முடிந்துவிடும். மேலே ஒரு பூச்சு மெழுகு போட்டால் போதும். மரத்திலிருந்து எவ்வளவு குறைவாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதுதான் இந்த வேலையில் எனக்குள்ள ஒரே பிடிவாதம். அறுபது வருஷமாக வெளிச்சமும் கையும் பட்டு ஏறிய நிறம் மேல்தோலில்தான் இருக்கிறது. தேய்த்து எடுத்துவிட்டால் எந்த டின்னிலும் அது கிடைக்காது.

7. உப்புத்தாள்ல எந்த நம்பர் வாங்கணும்? மெஷின் வாடகைக்கு எடுத்தா சீக்கிரம் முடியுமா?

பழைய பூச்சு உரிந்து திட்டுத்திட்டாக இருந்தால் 120-இல் தொடங்கி, 180, பிறகு 220. பிளவு, சிராய்ப்பு ஆழமாக இருந்தால் மட்டும் 80. பூச்சுகளுக்கு நடுவில் தேய்க்க 320 அல்லது 400. நம்பர் கூடக்கூடத் தாள் நைசாகும். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டிப் போனால் முந்தின தாளின் கீறல் அப்படியே நிற்கும், பாலிஷ் போட்டதும் பளிச்சென்று தெரியும்.

மர ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள், குறுக்கே வேண்டாம். தாளை ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றிக்கொண்டால் பள்ளம் விழாது. மெஷின் கட்டை மரத்து மேசைப் பலகைக்குச் சரி. வெனீருக்கு வேண்டவே வேண்டாம். அந்த மேல்தாள் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, நீங்கள் போனை எடுத்துப் பேசி முடிப்பதற்குள் கீழே பிளைவுட் தெரிந்துவிடும்.

மாஸ்க் கட்டாயம், கைக்குட்டை போதாது, என்95 வேண்டும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. ரோஸ்வுட் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வரவைக்கும்.

8. மேல என்ன பாலிஷ் போட்டிருக்காங்கன்னே தெரியல. எப்படிக் கண்டுபிடிக்க?

கண்ணில் படாத மூலையில், பாலிஷ் கலக்கப் பெயின்ட் கடையில் விற்கும் ஸ்பிரிட்டை ஒரு சொட்டு வைத்து ஒரு நிமிடம் கழித்துத் தொடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அது பிரெஞ்சு பாலிஷ், அதாவது அரக்கு. ஒன்றும் ஆகவில்லை என்றால் இன்னொரு இடத்தில் ஒரு சொட்டு தின்னர். அதற்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ், மெலமைன் அல்லது பியூ என்கிற பாலியூரித்தேன். ஸ்பிரிட்டைத்தான் முதலில் வைக்க வேண்டும், தின்னர் அரக்கையும் இளக்கும் என்பதால் வரிசை மாறினால் விடை குழம்பிவிடும்.

இது எதற்கு என்றால், அரக்குப் பூச்சாக இருந்தால் சுரண்டவே தேவையில்லை. புதிய அரக்கில் உள்ள ஸ்பிரிட் பழைய பூச்சைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். துடைத்து, லேசாகத் தேய்த்து, மேலேயே போடலாம்.

9. நல்ல தேக்கு பெஞ்சு, யாரோ பச்சைப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க. சுரண்டி எடுத்துரலாமா?

எடுக்கலாம், ஆனால் உலர்ந்த நிலையில் தேய்த்து எடுக்கக் கூடாது. பழைய எண்ணெய்ப் பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. தூளாக மூக்கில் ஏறினால் பெரியவர்களுக்கே கெடுதல். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும்.

பெயின்ட் ரிமூவரைத் தடவி, குமிழ் விட்டதும் மழுங்கிய தகட்டால் வழித்தெடுங்கள். மொட்டை மாடியிலோ காற்றோட்டமான வாசலிலோ, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், அந்த ஆவி மூடிய அறையில் ஆபத்து. மிச்சம் இருப்பதைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்பு வாட்டர் பேப்பரால் ஈரமாகவே எடுங்கள். வழித்ததைப் பழைய பேப்பரில் சுருட்டிக் கட்டிக் குப்பையில் போடுங்கள், தோட்டத்து மண்ணில் கொட்டாதீர்கள். பெயின்ட்டை நெருப்புக் காட்டி உரிக்கும் வேலையும் வேண்டாம். வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் இந்த ஒரு வேலையை வெளியில் கொடுத்துவிடுங்கள்.

10. காலுக்குக் கீழ மாவு மாதிரி கொட்டிக் கெடக்கு. மரம் உளுத்துப்போச்சா?

கறுப்புத் தாள் ஒன்றைக் கீழே விரித்து, காலைத் தட்டிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். புதிதாக வெளிர் நிறத்தில் மாவு விழுந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. விழாவிட்டால் அது பழைய கதை, துளையை அடைத்துவிட்டு மேலே வேலையைப் பார்க்கலாம்.

வண்டு தின்பது பெரும்பாலும் மரத்தின் வெள்ளைப் பகுதியைத்தான், வைரத்தை அல்ல. கடையில் மரத்துக்கென்று விற்கும் பூச்சி எண்ணெயை ஊசிக்குழலில் எடுத்து ஒவ்வொரு துளையிலும் செலுத்துங்கள். பாலிஷ் இல்லாத அடிப்பக்கத்தில் பிரஷ்ஷால் தடவி, பாலிதீனில் சுற்றி ஒரு வாரம் வெளியே வையுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு இற்றுப்போன காலை ஆசாரியிடம் சொல்லி மாற்றுவதுதான் வழி. கறையான் வேறு. மண் புற்று ஓடியிருந்தால் சாமானைவிட வீட்டுச் சுவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

11. நாற்காலி ஆடுது. ரெண்டு ஆணி அடிச்சா நின்னுரும்ல?

இன்றைக்கு நிற்கும், அடுத்த வருஷம் பிளக்கும். துளைக்குள் செருகியிருக்கும் மர நாக்கையே ஆணி பிளந்துவிடும். அப்புறம் ஆசாரிக்கும் அது கஷ்டம்.

ஆடும் பொருத்தை முழுதாகக் கழற்றுங்கள். பழைய நாற்காலிகளில் வச்சிரம் என்ற தோல் பசை போட்டிருப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரைத் துணியில் நனைத்துக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்தால் இளகிவிடும். மூங்கில் ஆணி இருந்தால் பின்பக்கமிருந்து தட்டி எடுங்கள். பழைய பசையைத் துளியும் விடாமல் சுரண்டுங்கள், ஃபெவிகால் மரத்தில்தான் பிடிக்கும், பழைய பசையின் மேல் பிடிக்காது. தேக்காக இருந்தால் ஒட்டும் முன் தின்னரால் துடைத்து அந்த எண்ணெய்ப் பசையை எடுத்துவிடுங்கள். ஒட்டியபின் கிளாம்ப் இல்லையென்றால் நான்கு காலையும் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சி செருகி முறுக்குங்கள். சமமான தரையில் வைத்து ஒரு நாள் முழுக்க யாரையும் உட்கார விடாதீர்கள்.

12. மேசைப் பலகையில வெடிப்பு விட்டிருக்கு. பட்டி வச்சு அடைச்சுரவா?

இப்போது என்ன மாதம் என்று பாருங்கள். மரம் ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குடித்துக் குறுக்குவாட்டில் விரியும். பங்குனி, சித்திரையில் சுருங்கும். சித்திரையில் அகன்று நிற்கும் வெடிப்பில் கெட்டியான பட்டியை இறுக்கி அடைத்தால் மழைக்காலத்தில் மரம் விரிய இடமில்லாமல் பட்டியைப் பிதுக்கித் தள்ளும், அல்லது பக்கத்தில் வேறு வெடிப்பு விடும். முடி அளவு வெடிப்பை அப்படியே விடலாம், மெழுகு போதும். பென்சில் நுழையும் அளவு என்றால் அதே மரத்தில் மெல்லிய சில்லு சீவி ஒரு பக்கம் மட்டும் பசை தடவிச் செருகுங்கள்.

சின்ன ஆணித் துளைகளுக்குக் கடைப் பட்டி தேவையில்லை. அந்த மரத்தைத் தேய்த்த தூளையே ஃபெவிகாலில் குழைத்து வைக்கலாம். ஆனால் பசை பட்ட இடம் நிறம் வாங்காது, சுற்றி வழிந்ததை ஈரத்துணியால் உடனே துடையுங்கள்.

13. கடையில போய் நின்னா பிரெஞ்சு பாலிஷ், வார்னிஷ், மெலமைன், பியூன்னு அடுக்குறாங்க. எதை வாங்க?

நாற்காலி, பீரோ, பெட்டி, புத்தக அலமாரி எல்லாவற்றுக்கும் என் வாக்கு பிரெஞ்சு பாலிஷுக்குத்தான். மரத்தின் ஆழம் தெரியும். சீக்கிரம் காயும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம், மற்ற எதிலும் அது இவ்வளவு சுலபமில்லை. அதன் பலவீனம் சூடும் தண்ணீரும். அதனால் சாம்பார்ச் சட்டி வைக்கும் சாப்பாட்டு மேசைக்கு அது ஆகாது, அங்கே பியூ போடுங்கள்.

பிரஷ்ஷால் தீட்டும் வார்னிஷ் வகை, டச்வுட் போன்றவை, புதிதாகச் செய்கிறவர்களுக்குச் சுலபம். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு இரவு காய விட வேண்டும். மழைச்சாரல் அடிக்கும் வாசல் பெஞ்சுக்கு வெளிப்புற வார்னிஷ்தான். மெலமைன் இரண்டு டின்னைக் கலந்து ஸ்பிரே அடிப்பது, கண் எரியும், வீட்டுக்குள் செய்கிற வேலையில்லை. பூரிப் பலகை, தயிர் மத்து போன்றவற்றுக்கு இது எதுவும் வேண்டாம், வெறும் மரமாகவே இருக்கட்டும்.

14. சரி, பிரெஞ்சு பாலிஷ்னே வச்சுக்குவோம். எப்படிப் போடுறது? ஆசாரி கை மாதிரி வருமா?

முதல் தடவை வராது, மூன்றாவது சாமானில் வரும். டின்னில் தயாராகவே கிடைக்கிறது. நீங்களே கலப்பதானால் 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அரக்குச் சில்லு போட்டு, ஒரு இரவு ஊற வைத்து, துணியில் வடிகட்டுங்கள். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள், இரும்பு பட்டால் அரக்கு கறுக்கும். கலந்ததை ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், நாள்பட்டது காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிட் குடித்தால் உயிரை எடுக்கும் விஷம், சட்டென்று தீப்பிடிக்கும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது, பூஜை விளக்கு எரியும் அறையில் வேலை செய்வது இரண்டும் கூடவே கூடாது.

பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்துப் பொட்டலமாக முடிந்துகொள்ளுங்கள். பஞ்சு பாலிஷை வாங்கிக்கொள்ளும், துணி வழியாக அளவாகக் கசியும். ரேகை போகும் திசையில் ஒரே இழுப்பில், பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்க் கையை எடுங்கள். நடுவில் நிறுத்தினால் துணி ஒட்டி வடு விழும். போன இடத்துக்கு உடனே திரும்பாதீர்கள், அரைமணி நேரம் காயட்டும். மூன்று பூச்சுக்கு ஒரு தடவை 400 தாளால் பூப்போலத் தேய்த்துத் தூசியைத் துடைத்து அடுத்த பூச்சு. ஆறேழு மெல்லிய பூச்சு போதும், கனமாகப் போட்ட இரண்டைவிட அது நன்றாக இருக்கும். கடைசிப் பூச்சு காய்ந்து இரண்டு நாள் கழித்து மெழுகு பாலிஷ். பஞ்சுப் பொட்டலத்தை மூடி போட்ட டப்பாவில் வைத்தால் அடுத்த நாளும் பயன்படும்.

15. இதெல்லாம் எதுக்கு, தேங்காய் எண்ணெய் தடவுனா பளபளன்னு ஆயிருமே?

அன்றைக்கு ஆகும். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் எத்தனை நாளானாலும் காய்ந்து இறுகாத எண்ணெய்கள். ஒட்டிக்கொண்டே இருக்கும், மதுரைத் தூசி முழுக்க அதில் வந்து உட்காரும். பிறகு பாலிஷ் போட நினைத்தாலும் பிடிக்காது. எண்ணெய்தான் வேண்டும் என்றால் காய்ந்து இறுகும் ஆளி விதை எண்ணெய். பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். மெல்லத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, இரண்டு நாள் விட்டு மறுபடியும் தடவ வேண்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானாகச் சூடேறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

16. எந்த மாசத்துல பாலிஷ் போட்டா நல்லா வரும்?

தை, மாசி. ஈரமும் குறைவு, சூடும் அளவோடு இருக்கும். ஆடியில் கழற்றுவது, ஒட்டுவது, தேய்ப்பது எல்லாம் செய்யலாம், பூச்சு மட்டும் வேண்டாம். அம்மியை நகர்த்தும் காற்று தெருப் புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பூச்சில் அப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அரக்கு வெளுத்துப் போகும், 17-ஐப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும்போது பிரஷ் இழுப்பதற்குள் பூச்சு காய்ந்து கோடும் குமிழும் விழும். அவசரம் என்றால் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். எந்த மாதமானாலும் நேர் வெயிலில் வைத்துப் போடக் கூடாது.

17. பாலிஷ் மேல வெள்ளையாப் பூத்துருச்சு. காப்பி டம்ளர் வச்ச இடத்துலயும் வட்டமா இருக்கு. திரும்ப முதல்லருந்து சுரண்டணுமா?

வேண்டாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே, பூச்சுக்குள் ஈரம் மாட்டிக்கொண்டிருக்கிறது. துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டும் தொடாமல் எடுத்து, அந்த இடத்தின் மேல் ஒரு வீச்சு வீசி எடுங்கள். பூச்சு நொடிநேரம் இளகி ஈரத்தை விட்டுவிடும். அழுத்தித் தேய்த்தால் பாலிஷே வந்துவிடும்.

வட்டம் கறுப்பாக இருந்தால் கதை வேறு. தண்ணீர் மரத்துக்குள்ளேயே போய்விட்டது, அல்லது இரும்பு பட்டு மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுத்திருக்கிறது. பழைய ஆணியைச் சுற்றித் தெரியும் கறுப்பும் இதுதான். அந்த இடத்தில் பூச்சை எடுத்துவிட்டு, ஆக்சாலிக் ஆசிட் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் தடவி, வெளுத்ததும் இரண்டு மூன்று தடவை சுத்தத் தண்ணீரால் துடையுங்கள். அது விஷம், கையுறை வேண்டும். காய்ந்தபின் மேலே நிற்கும் வெள்ளைப் பொடியை உலர்ந்த நிலையில் தேய்த்து மூச்சில் ஏற்றாதீர்கள், மறுபடியும் ஈரத்துணிதான்.

18. மழைக்காலத்துல டிராயர் திறக்க மாட்டேங்குது. இழைச்சு விட்டுரவா?

12-இல் சொன்ன அதே விரிதல்தான். ஐப்பசியில் இழைத்தால் பங்குனியில் டிராயர் லொடலொடவென்று ஆடும். பக்கவாட்டில் மெழுகுவத்தியைத் தேய்த்து ஓட்டுங்கள். சித்திரையிலும் இறுகி நின்றால் அப்போது இழைக்கலாம்.

19. பிரம்பு நாற்காலி நடுவுல குழி விழுந்துருச்சு. பின்னுறவங்களைத் தேடணுமா?

பிரம்பு அறுந்திருந்தால் தேட வேண்டும். அறுபடாமல் தொய்ந்து மட்டும் இருந்தால் நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் சூடான தண்ணீர் நனைத்த துணியை அரைமணி நேரம் விரித்து வையுங்கள். பிறகு நிழலில் காற்றாட விட்டால் காயும்போது இறுகிக்கொள்ளும். சட்டத்துக்குப் பாலிஷ் போடும் முன் இதை முடித்துவிடுங்கள். பிளாஸ்டிக் ஒயர் பின்னலுக்கு இது பலிக்காது.

20. தேக்குதான், ஆனா நடுவுல வெள்ளைப் பட்டை ஓடுது. ஒரே நிறமாக்க முடியுமா?

அந்த வெள்ளை வைரத்துக்கு வெளியே உள்ள பகுதி. கடையில் வால்நட், தேக்கு என்று நிற ஸ்டெயின் விற்கிறார்கள். வெள்ளையில் மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் நீர்க்கத் தீட்டிச் சுற்றியுள்ள நிறத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவாருங்கள். மொத்தப் பலகைக்கும் அடர் நிறம் ஏற்றி மறைப்பது எனக்குப் பிடிக்காது, தேக்கு வாங்கியதற்கே அர்த்தமில்லாமல் போகும். முடிவில் என்ன நிறம் வரும் என்று முன்கூட்டியே பார்க்க, தேய்த்த மரத்தில் கொஞ்சம் டர்பன்டைன் தடவுங்கள். ஈரமாகத் தெரியும் அந்த நிறம்தான் பாலிஷ் போட்டபின் வரப்போவது.

21. எங்க தாத்தாவோட ரோஸ்வுட் கல்லாப்பெட்டி இருக்கு. நல்லா பாலிஷ் போட்டு லண்டன்ல இருக்குற மகளுக்கு அனுப்பலாம்னு பாக்குறேன்.

இரண்டு விஷயம். இந்திய ரோஸ்வுட் 2017 ஜனவரி 2 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. ஒரு பார்சலில் 10 கிலோவுக்கு மேல் அந்த மரம் போனால் அனுமதிச் சான்று வேண்டும், கல்லாப்பெட்டி அதைத் தாண்டுகிறதா என்று எடை போட்டுப் பாருங்கள். அனுப்பும் கம்பெனியிடம் ரோஸ்வுட் என்று மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள், இல்லையென்றால் துறைமுகத்தில் பெட்டியே போய்விடும்.

பாலிஷ் விஷயத்தில், தேய்க்கவே தேய்க்காதீர்கள். காசு போட்ட துளை ஓரம் வழவழத்திருப்பது, மூடியில் தாத்தாவின் கை பட்ட இடம் கறுத்திருப்பது இவற்றுக்காகத்தான் பழம்பொருள் வாங்குகிறவர்களும் காசு கொடுக்கிறார்கள். 6-இல் சொன்னபடி துடைத்து, மெழுகு போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பித்தளைக் கீலையும் பூட்டையும் மினுக்க நினைத்தால் கழற்றி எடுத்துத் தனியாகப் புளி போட்டுத் தேயுங்கள். பெட்டியில் இருக்கும்போதே தேய்த்தால் புளித்தண்ணீர் ஓரமெல்லாம் இறங்கிக் கறை விடும். கழற்றிய திருகுகளை எந்தத் துளையில் இருந்ததோ அதே துளையில் திரும்பப் போடுங்கள், பழைய திருகுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது.